தவணை முறையில் வரும் பேரன்

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. பெட்டிகள் குறையில்லாமல் கைக்கு வந்துவிட்டன. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி எல்லாம் தாண்டி பொத்தேரி வீட்டு வாசலில் கார் நின்றதும் பேரன் வந்துவிட்டான் என்று பாட்டி ஆரத்தித் தட்டை எடுக்கிறாள். அவசரம். அன்றைக்கு வந்திருப்பது பாஸ்போர்ட்டில் உள்ள ஆள் மட்டும்தான். அவன் தூக்கம் இன்னும் நியூ ஜெர்சியில் இருக்கிறது, பசியும் அங்கேதான். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை கண்டம் தாண்டி வரும்போது தவணை முறையில்தான் வருகிறது. சில தவணைகள் ஒரு வாரத்தில் முடியும், சில ஒரு மாதம் இழுக்கும், ஒன்றே ஒன்று வருஷக்கணக்கில் போகும்.

பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் மகனையோ மகளையோ வெளிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர். ஜூன் மாதத்திலும் டிசம்பரிலும் காலை நடையில் கேட்கும் பேச்சு ஒன்றுதான். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பந்து விளையாடுறான்" என்பார் ஒருவர். "எங்கிட்ட வரவே மாட்டேங்குறா" என்பார் இன்னொருவர். இரண்டாவது குறையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும். இரண்டுக்கும் பிள்ளை வளர்ப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதுதான் விஷயம்.

தூக்கத்தை முதலில் பார்ப்போம். இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னத் திரள் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரணுவுக்குள் ஒரு புரதம் இரவெல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது. அளவு மிஞ்சியதும் தன்னை உண்டாக்கும் மரபணுவைத் தானே நிறுத்திவிடுகிறது. பகலில் சிதைந்து குறைகிறது, குறைந்ததும் உற்பத்தி மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். ஈக்கும் இதுதான், நமக்கும் இதுதான்.

இதில் வியப்பு என்னவென்றால் கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. ஈரல், குடல், கணையம் என்று ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் சொந்தக் கடிகாரம் வைத்திருக்கின்றன. தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஈரலும் குடலும் சாப்பாட்டு வேளையைப் பார்த்தும் திருத்திக்கொள்ளும். ஆகவே ஒரே பிள்ளைக்குள் மூளை ஒரு நேரத்திலும் வயிறு வேறொரு நேரத்திலும் இருக்கலாம். கோடைக்காலத்தில் நியூ ஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு இரண்டு மணி என்றால் பேரனுக்கு மாலை நாலரை, பூங்காவுக்குப் போகும் நேரம். பந்து கேட்காமல் என்ன செய்வான்?

கடிகாரம் நகரும் வேகம் மோட்டாவாகச் சொன்னால் நாளுக்கு ஒரு மணி நேரம். ஒன்பதரை மணி வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும். காலை வெயிலில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது உள்ளே அப்போது என்ன நேரம் என்பதைப் பொறுத்தது. உள்ளிரவின் முன்பாதியில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பின்பாதியில் படுவது முன்னுக்கு இழுக்கும். பொத்தேரியில் காலை ஆறு மணி, பேரனின் உள்ளே முந்தைய நாள் இரவு எட்டரை. அந்த வெயில் அவனைக் கிழக்கே இழுப்பதற்குப் பதிலாக மேற்கே தள்ளும். வித்தியாசம் அரைநாளை நெருங்கும்போது சிலர் உடம்பு முன்னோக்கி ஓடியும் சிலர் உடம்பு பின்னோக்கிச் சுற்றியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஒரே வீட்டில் அப்பா ஒரு திசையிலும் பிள்ளை எதிர்த் திசையிலும் போய்க்கொண்டிருப்பது நடக்கக்கூடியதே. முதல் வாரத்தில் குடும்பம் முழுக்கச் சேர்ந்து சாப்பிட உட்காருவது அபூர்வமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

நாம் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு: மாலையில் விளக்கைக் குறைப்பது. சின்னப் பிள்ளைகளின் கண்வில்லை மிகத் தெளிவானது, கண்பாப்பாவும் அகலம். பெரியவர்களின் கண்ணைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் வெறும் 5 முதல் 40 லக்ஸ் வெளிச்சம், அதாவது சாதாரண வீட்டு விளக்கைவிட மங்கலான வெளிச்சம் பட்டாலே, தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சராசரியாக 78 சதவீதம் குறைந்துவிட்டது. நம் ஹால் ட்யூப்லைட் இதைவிடப் பிரகாசம். சீரியல் நேரத்தில் ஹால் விளக்கை அணைக்க எத்தனை வீட்டில் சம்மதம் கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

அடுத்த தவணை, முகம். ஆறு மாதமாகத் தினமும் வீடியோ காலில் "தாத்தா" என்று சிரித்தவன் நேரில் பார்த்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். வீடியோ கால் வீண் இல்லை. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள், பதிவுசெய்த காணொலியிலிருந்து கற்காத புதுச் சொற்களை, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தங்கள் செயலுக்குப் பதில் சொல்லும் நேரடி வீடியோ காலிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலிங்காஃப் மூவரும் 2014இல் காட்டினார்கள். ஆனால் திரையில் உள்ளங்கை அளவு இருந்த தாத்தா இப்போது ஆறடி ஆளாக, மீசையோடும் வாசனையோடும் கனத்த குரலோடும் தூக்க வருகிறார். இது வேறு ஆள்.

அந்நியரைக் கண்டு மிரள்வது எட்டாவது, ஒன்பதாவது மாத வாக்கில் தலைகாட்டி இரண்டாம் வயதில் உச்சத்தில் இருக்கும். பிள்ளை தவழ்ந்தும் நடந்தும் தாயை விட்டு விலகத் தொடங்கும் காலமும் அதுதான். நகரக் கால் கொடுத்த இயற்கை கூடவே ஒரு தடையையும் வைத்திருக்கிறது. அந்தத் தடையை யார் நீக்குவது? 1985இல் வெளியான ஒரு சோதனை அழகாகச் சொல்கிறது. கண்ணாடி மேசை ஒன்று, நடுவில் கண்ணாடிக்கு அடியில் தரை சட்டென்று இறங்குவதுபோல் தோன்றும் பள்ளம். ஒரு வயதுப் பிள்ளைகளை ஒரு பக்கம் விட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிறுத்தினார்கள். அம்மா பேசக் கூடாது, முகபாவம் மட்டும். அம்மா மலர்ந்து சிரித்தபோது 19 பிள்ளைகளில் 14 பேர் பள்ளத்தின்மேல் தவழ்ந்து கடந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. சந்தேகம் வந்தால் அம்மா முகத்தைப் பார், அதுதான் அவர்கள் சட்டம்.

எனவே பேரனிடம் போகும் வழி மகளின் முகத்தின் வழியாகத்தான் போகிறது. வாசலிலேயே பிள்ளையைப் பிடுங்கித் தூக்கிக் கொஞ்சும் அத்தைகளும் சித்திகளும் இந்தச் சட்டத்தை மீறுகிறார்கள், அதற்கான அபராதத்தைப் பிள்ளை உடனே உரக்க வசூலிக்கிறது. தரையில் உட்கார்ந்து மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் போதும். பிள்ளை பக்கவாட்டில் வந்து நின்று, நம் வாட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும். அதற்குப் பிறகு கதவு திறந்ததுபோலத்தான்.

கதவு திறந்ததும் வீட்டில் வேறு கவலை தொடங்குகிறது. வயதானவர்கள் மட்டும் இருந்த வீடு சின்னப் பிள்ளைக்காக அமைந்ததல்ல. தலையணை அருகே பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, டீப்பாயில் வேர்க்கடலை. எல்லாவற்றையும் எடுத்து மேலே வைப்பவர்கள்கூட மறப்பது ஒன்றை: எடை பார்க்கும் மிஷின், சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை இவற்றில் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொள்ளலாம். ஈரமான சவ்வின் வழியாக மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உருவாகிறது. இரண்டே மணி நேரத்தில் சவ்வு வெந்து புண்ணாகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சமாச்சாரம் அது.

சாப்பாட்டுத் தவணைக்கு வருவோம். இரண்டு வயதில் பிள்ளைகள் புது உணவைத் தள்ளுவார்கள். சொந்தக் காலில் நடந்து, கண்டதை வாயில் போடும் வயதில் தெரியாததைத் துப்பிவிடும் பழக்கம் உயிர் காத்திருக்க வேண்டும். லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சோதித்துக் காட்டியது இது: ஒரு புது உணவைத் திரும்பத் திரும்ப, கட்டாயமில்லாமல் ருசி பார்க்க வைத்தால் விருப்பம் ஏறிக்கொண்டே போகிறது. பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். மூன்றாவது நாளே "இட்லி பிடிக்கல அவனுக்கு" என்று தீர்ப்பெழுதிவிட்டுச் சோளப்பொரியைத் தேடிப் போகிறவர்கள் வாய்தா வாங்கியிருக்கலாம்.

ஆனால் பேரன் முற்றிலும் வெறும் நாக்கோடு வரவில்லை. கர்ப்பிணி உண்ணும் பூண்டின் மணம் பனிக்குட நீரில் இறங்குவதை ஜூலி மெனெல்லா குழுவினர் 1995இல் காட்டினார்கள். கர்ப்ப காலத்தில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள் பிறகு கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டதையும் அதே குழு 2001இல் எழுதியது. மகள் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் பூண்டு ரசம் வைத்துக் குடித்திருந்தால், அந்த மணம் பேரனுக்குப் பிறக்கும் முன்பே அறிமுகம்.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் முதல் வாரத்தில் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்துவிடும். வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு வியர்வை தோலுக்குள்ளேயே தங்குவதால் வருவது அது. வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று, இரண்டு வாரம் ஆகும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும். நாள் முழுக்க ஏ.சி. அறையில் பூட்டி வைத்தால் இந்தப் பாடமே தொடங்காது. இதைவிட வியப்பானதை ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் குனோ எழுதியிருக்கிறார். பிறக்கும்போதே இலட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகளோடுதான் எல்லாரும் பிறக்கிறோம். அவற்றில் எத்தனை வேலை செய்யத் தொடங்கும் என்பது முதல் இரண்டு, இரண்டரை வயதுக்குள் வாழும் ஊரின் வெப்பத்தைப் பொறுத்து நிலைக்கிறது என்றார். வெப்ப நாடுகளில் பிறந்து வளர்ந்த ஜப்பானியருக்கு அந்த எண்ணிக்கை கூடுதல். பெரியவர்களாகிக் குடியேறியவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு விடுமுறை இந்தக் கணக்கை மாற்றிவிடாது. ஆனால் மகன் நியூ ஜெர்சியில் இருபது வருஷம் இருந்தாலும் அவன் வியர்வை செங்கல்பட்டு மாவட்டத்தில் நிர்ணயமானது.

மகன், மகள் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நாற்பதை நெருங்கும் மகள் வந்த மூன்றாம் நாளே பதினாறு வயதுக்காரியாகி, குடித்த டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளை விஷயம் வரும்போது மட்டும் சட்டென்று தாயாகி நமக்குச் சட்டம் சொல்கிறாள். கண்மை வைக்கக் கூடாது, நடைவண்டி வேண்டாம், சர்க்கரை போடாதே. (மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும், சக்கரம் வைத்த நடைவண்டியைக் கனடா 2004இல் தடையே செய்துவிட்டது. நான் மகள்கள் கட்சி.) அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் குழுவினர் 50 பாட்டிகளை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்து, பேரப்பிள்ளையின் படத்தையும் அந்தப் பிள்ளையைப் பெற்ற தங்கள் மகன் அல்லது மகளின் படத்தையும் காட்டினார்கள். 2021இல் முடிவு வந்தது. பேரப்பிள்ளையைப் பார்த்தபோது, அடுத்தவர் உணர்வைத் தானும் உணர்வதோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. சொந்தப் பிள்ளையைப் பார்த்தபோதோ, அடுத்தவர் என்ன நினைக்கிறார், ஏன் நினைக்கிறார் என்று யோசிப்பதோடு தொடர்புள்ள பகுதிகள். பேரன் அழுதால் பாட்டிக்கு வலிக்கிறது, மகன் முகம் சுளித்தால் "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கணக்குப் போடுகிறாள். இதைப் படிக்கும் மகன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், யோசிப்பதும் பாசம்தான்.

போதாததற்கு மகன் அம்மாவை விட்டு முழுதாகப் போகவும் இல்லை. கர்ப்பத்தின்போது சிசுவின் உயிரணுக்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. பிரசவத்தோடு அவை மறைந்துவிடுவதில்லை. ஆண்பிள்ளை பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் 27 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆண் உயிரணுக்கள் இருந்ததை டயானா பியாங்கி குழுவினர் 1996இல் கண்டார்கள். மகள் வழிப் பேரப்பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. பெண் சிசுவின் சூலகத்தில் ஐந்தாம் மாத வாக்கில் அறுபது, எழுபது இலட்சம் முட்டையணுக்கள் உருவாகி விடுகின்றன. மகள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே, பின்னாளில் பேரனாகப் போகிற அந்த ஒரு முட்டையும் அதே வயிற்றுக்குள் இருந்தது. பேரனில் பாதி, பாட்டி வீட்டுக்கு முதல்முறை வரவில்லை.

இரண்டாவது வாரத்தில் யாராவது "மகாபலிபுரம் போலாமா?" என்று கேட்பார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய அர்ச்சுனன் தபசுப் பாறையில் சின்னப் பிள்ளைகளுக்கு அர்ச்சுனன் கண்ணில் படுவதில்லை. பெரிய யானையும், அதன் காலடியில் ஒண்டியிருக்கும் குட்டிகளும்தான் தெரியும். அங்கே பக்கத்திலேயே, ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்க, குட்டி பால் குடிக்கும் குரங்குக் குடும்பமும் உண்டு. அந்த யானை தாயாகவே இருக்க வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மியான்மரின் மரம் வெட்டும் முகாம்களில் வளர்ந்த ஆசிய யானைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வந்த கட்டுரை வேறொன்றைக் காட்டுகிறது: அனுபவமில்லாத இளந்தாய்க்குப் பிறந்த குட்டிகளில், பாட்டி யானை அதே கூட்டத்தில் இருந்தவற்றின் இறப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது.

மனிதப் பெண் பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்வது உயிரியலில் பெரிய புதிர். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே 1980களில் தங்கிய கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர், காட்டில் அதிக நேரம் கிழங்கு தோண்டியவர்கள் இளம்பெண்கள் அல்ல, வயதான பெண்கள் என்று கண்டார்கள். தாய் அடுத்த கைக்குழந்தையோடு முடங்கும்போது, பால் மறந்த பிள்ளையின் எடை பாட்டி தோண்டிய கிழங்கைப் பொறுத்து ஏறியது. பாட்டிகள் பேரப்பிள்ளைகளைப் பிழைக்க வைத்ததால்தான் மனித ஆயுளே நீண்டது என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது. பின்லாந்து, கனடா தேவாலயப் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வந்த கட்டுரை, ஐம்பதுக்குமேல் பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சுமார் இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கிட்டது. அதே பின்லாந்துப் பதிவேடுகளில் தாத்தாக்களின் பங்கைத் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. தாத்தாக்கள் இந்தப் பத்தியைப் பாட்டியிடம் காட்ட வேண்டாம். பிரசவம் பார்க்க ஆறு மாத விசாவில் பொடிமூட்டையோடு அமெரிக்கா போகிற நம் அம்மாக்கள் செய்வதும் ஹட்சா வேலைதான்.

கடைசித் தவணை காது. இது ஒன்றுதான் வருஷக்கணக்கில் போவது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஆறு, எட்டு மாதக் குழந்தைகளுக்கு 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அது போய்விடுகிறது என்று ஜானட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் இந்தி ஒலிகளை வைத்து 1984இல் நிறுவினார்கள். பேரன் "பாட்டி" என்று சொல்வதில் அந்த 'ட்' பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எங்கோ விழுவது அதனால்தான். சரி, திரையில் தமிழ்ப் பாட்டுப் போட்டால் போதாதா? பாட்ரிசியா கூல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்க வைத்தார். எதிரே ஆள் உட்கார்ந்து விளையாடியபடி பேசியபோது குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலிகள் பிடிபட்டன. அதே ஆளைக் காணொலியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை.

இரண்டு வயதில் வந்து போனதைப் பேரன் நினைவில் வைத்திருக்க மாட்டான். முதல் மூன்று வருஷச் சம்பவங்கள் ஏறக்குறைய யாருக்கும் நிற்பதில்லை. அந்த வயதில் நினைவுப் பகுதியில் புது நரம்பணுக்கள் வேகமாக முளைத்துப் பழைய இணைப்புகளைக் கலைத்துவிடுவது ஒரு காரணம் என்று 2014இல் எலிகளில் செய்த சோதனை சொல்கிறது. காதின் கதை வேறு. இந்தியாவில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப் போன பிள்ளைகளை லெஹெர் சிங் குழுவினர் சோதித்து 2011இல் எழுதினார்கள். பிறந்த மொழி அவர்களுக்குச் சுத்தமாக மறந்திருந்தது. 'த', 'ட' வித்தியாசம் முதலில் மற்ற அமெரிக்கப் பிள்ளைகளைப் போலவே இவர்களுக்கும் தெரியவில்லை. கொஞ்சம் பயிற்சி கொடுத்ததும் இவர்களுக்குப் பிடிபட்டது, மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு ஆய்வும் உண்டு. சிறு வயதில் வீட்டுப் பெரியவர்கள் ஸ்பானிஷ் பேசுவதைச் சில வருஷம் காதில் வாங்க மட்டும் செய்து, தாங்கள் பேசாமலே வளர்ந்த அமெரிக்க மாணவர்கள், கல்லூரியில் அந்த மொழியைப் படிக்கச் சேர்ந்தபோது மற்றவர்களைவிட நல்ல உச்சரிப்போடு பேசினார்கள் என்று டெர்ரி ஆவ் குழுவினர் 2002இல் காட்டினார்கள். அவர்களிடம் யாரும் பாடம் நடத்தவில்லை, பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான். ஒரு மாத விடுமுறை மட்டும் அதற்குப் போதாது. ஊர் திரும்பிய பிறகு வருகிற வீடியோ காலிலும் தமிழ்தான் ஓட வேண்டும். பேரனுக்குப் புரிய வேண்டுமே என்று பாட்டி "கம் ஹியர், ஈட் திஸ்" என்று சிரமப்படத் தேவையில்லை. கீரைக்காரம்மாவிடம் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடும்போது அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாதாடினாலே போதும்.